முந்நூற்றைம்பது வோல்ட் கெபாசிட்டர்

எங்கள் சபையின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் சென்ற நவம்பரில் உறுமத் தொடங்கியது. போதகரின் பிரசங்கத்தைவிட உறுமலே பெரிதாகக் கேட்டது. சபைச் செயலாளர் அதை ஸ்கூட்டரில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் இயற்பியல் பட்டதாரி. தங்கச் சுரங்கத்தின் மின்பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ரேடியோவானாலும் ரெக்கார்டு பிளேயரானாலும் இங்கே என்னிடம்தான் வரும். அந்த மதிப்பை நான் விரும்பினேன் என்பதை மறுக்கமாட்டேன்.

அடிமூடியைக் கழற்றியதும் பழுது தெரிந்துவிட்டது. மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர் தலை உப்பிக் கசிந்திருந்தது. நானூற்றைம்பது வோல்ட் தாங்க வேண்டிய இடத்தில் முந்நூற்றைம்பது வோல்ட் தாங்குவதைப் பொருத்தியிருந்தார்கள்.

“இன்னா சார், யார் வேலை இது?” என்றார் செயலாளர்.

“கடைசியாக யார் கை வைத்தது?”

“பங்காருபேட்டை மெக்கானிக்தான். போன வருஷம் மைக் வேலை செய்யலன்னு குடுத்தோம்.”

“எண்களைப் படிக்கத் தெரிந்தவனிடமாவது கொடுத்திருக்கலாமே!”

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது.

அவர் போன பிறகு பற்றவைப்பை உருக்குவதற்காக, அதன் மேல் படிந்திருந்த பிசுக்கைத் துடைத்தேன். உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு. சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை இறக்கவும் ஏற்றவும் சைகை தரும் மணிக்கான கம்பி இணைப்புகளைச் சோதித்தவன், சரி என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு வார்னிஷ் பொட்டு வைக்க வேண்டும். ஆட்களின் உயிர் அந்த இணைப்பில் இருந்தது. வீட்டில் பார்க்கும் ரிப்பேர் வேலையிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரேடியோவுக்குப் பொட்டு வைக்கிறவன் நான் ஒருவனே. ஏதோவொரு கிறிஸ்மஸ் அவசரத்தில் கையில் கிடைத்ததைப் பொருத்திவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். பிறகு மறந்துபோனேன்.

சரியான கெபாசிட்டரைப் போட்டேன். உறுமல் நின்றது. செயலாளரிடம் பெட்டியை ஒப்படைத்தபோது பொட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அந்த மெக்கானிக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“கேரல் ரவுண்ட்ஸுக்கு வருஷா வருஷம் நான்தான் சார் மைக் செட்டு போடுவேன். இந்த வாட்டி வேணான்ட்டாங்க. நான் ஆம்ப்ளிஃபையரைக் கெடுத்துட்டேன்னு யாரோ பெரிய மனுஷன் சொன்னாராம். மைக் சாக்கெட்ட மட்டும்தான் சார் மாத்தினேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

காபி கொண்டுவந்த என் மனைவி, “அந்தப் பெரிய மனுஷன் யாருன்னு இவரையே கேளுங்க தம்பி, தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று நான் பேசியது சமையலறை வரை கேட்டிருந்தது.

“சொன்னது நான்தான்” என்றேன். “அந்தக் கெபாசிட்டரைப் போட்டவனும் நான்தான்.”

அவர் காபியைத் தொடவில்லை. “இத என்னாண்ட சொல்லி இன்னா சார் ஆவும்? செக்ரட்டரியாண்ட வந்து சொல்லுங்க.”

சட்டையை மாற்றிக்கொண்டு அவர் பைக்கின் பின்னால் ஏறி, மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலுள்ள செயலாளர் வீட்டுக்குப் போனேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். செயலாளர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு! இந்த வயசுல வீடு தேடி வந்து ஒத்துக்கறீங்களே!” பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, “பாத்துக் கத்துக்கப்பா. ஆனா ஒண்ணு, பெங்களூரு பார்ட்டியாண்ட பேசி முடிச்சாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார்.

வெளியே வந்ததும் மெக்கானிக் பைக்கை உதைத்துக் கிளப்பினார். “உக்காருங்க சார், வீட்டாண்ட விட்டுடறேன்.” நடந்தே போய்க்கொள்வதாகச் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் செய்தி சபை முழுவதும் பரவிவிட்டது. வாசலில் ஒவ்வொருவராக வந்து என் நேர்மையைப் பாராட்டினார்கள். அந்த மனிதனின் வேலை என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். நீட்டிய கைகளையெல்லாம் குலுக்கிக்கொண்டு நின்றேன்.