ஓரத்தில் நின்ற தம்பி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கணினித் திரையில் இருக்கும் குக்கர் படத்தை நூலளவு இடது பக்கம் நகர்த்துகிறார் அவர். பிறகு வலது பக்கம். "இப்பதான் ஒழுங்கா உக்காந்திருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு டீயைத் தேடினால், அது ஆறி ஏடு கட்டியிருக்கிறது.

கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் அலுவலகம் அது. எந்தப் படம் வந்தாலும் பெரிதாக்கியோ சுருக்கியோ, கேன்வாஸ் என்று அவர்கள் சொல்லும் பெட்டிக்குள் நட்டநடுவில் பொருத்துவது இவர் வேலை. அங்கே இவருக்குப் பெயரே 'சென்டர்'. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலை நடுவில் நகர்த்தி வைத்த பிறகுதான் டப்பாவைத் திறப்பார். "பெட்டி நெறைஞ்சிருக்கணும்பா. மிஞ்சினா ரெண்டு பக்கமும் சீவி விடு" என்பார்.

அந்தச் சீவலில்தான் குடி முழுகியது. வீட்டுப் படங்களுக்கென்று ஆசை ஆசையாக ஒரு பக்கம் செய்தார். எல்லாம் சதுரப் பெட்டிகள். அகலமான படம் என்றால் அவர் எழுதிய நிரல் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடும்; வெட்டியதை வைத்துக்கொண்டு முழுப் படத்தை அழித்துவிடும். கடைக்காரர்கள் படத்துக்கெல்லாம் பத்திரமாக நகல் வைத்திருப்பவர், நம்ம வீட்டுப் படம்தானே, இடத்தை அடைப்பானேன் என்று நினைத்தாராம். மகா புத்திசாலி!

வீட்டில் படம் எடுப்பது தம்பி. கேமராவை எதன்மேலாவது வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து எப்போதும் கடைசி ஆளாக நிற்பான். பக்கத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். "என்னண்ணே, ஒரு படத்துலகூட என்னைக் காணோம்?"

"நடுவுல வந்து நில்லு. யாரு வேணாம்னா?" என்றார் இவர்.

இப்போது தம்பி இல்லை. வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிவிட்டது. கேமராவில் இருந்த படங்களையும் இவரே எப்போதோ அழித்திருந்தார். அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்றவர்களிடமெல்லாம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். படத்துக்குப் படம் அம்மா, மனைவி, குழந்தைகள். ஓரத்தில் ஒரு முழங்கை, ஒரு தோள், அவ்வளவுதான்.

லைசென்ஸில் ஒரு முகம் இருக்கிறது. அம்மா அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள். "திருடனைப் புடிச்சு நிக்க வெச்ச மாதிரி இருக்கு. எம்புள்ள சிரிக்கிற படம் குடுடா. நீதானே எல்லாத்தையும் ஏத்தி வெச்ச?"

"தேடிக்கிட்டிருக்கேம்மா" என்று தினமும் சொல்கிறார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார். உயிரை லாரி கொண்டுபோனது, முகத்தை நானே கொண்டுபோனேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்.

நேற்று அம்மா விடுவதாயில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினார். நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தோள்மேல் ஒரு கை.

"இது அவன் கைதான். ஆள் எங்கடா?"

"இவ்வளவுதாம்மா இருக்கு. மிச்சத்தை நான் வெட்டிட்டேன்."

அவளுக்கு அது ஏறவில்லை. போனில் தள்ளுவதுபோல் திரையில் விரலை வைத்து, மிச்சப் பிள்ளையைக் கொண்டுவரப் படத்தைத் தள்ளினாள். அந்தத் திரை தொட்டால் நகராது. அவர் மவுஸைப் பிடித்து, அவள் விரல் போகிற பக்கமே படத்தை நகர்த்தினார். வெறும் வெள்ளை வந்தது. அவள் இன்னும் தள்ளினாள். அவர் இன்னும் நகர்த்தினார்.