இரண்டு பச்சைகளுக்கு நடுவில் ஒரு கறை

எழுபதுகளின் கடைசியில், அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து, செல்லூர் வீட்டின் முன்னறைக்கு டிஸ்டெம்பர் அடிக்க ஏற்பாடு செய்தேன். அம்மா உசிலம்பட்டியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடிக்க நினைத்தேன்.

பெயின்டர் மாயாண்டி ஜன்னலோரச் சுவரில் இரண்டு இளம்பச்சைகளைப் பக்கம் பக்கமாகப் பூசினார். ஒன்றில் மட்டும் மஞ்சள் இம்மியளவு கூடுதல். காய்ந்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தோம். மறுநாள் காலை வலப்பக்கப் பச்சையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் கறுத்திருந்தது.

“இந்தக் கலர் சரியில்லையேண்ணே,” என்றேன்.

“கலரு மேல பழி போடாதீக. அடியில எண்ணெக்கறை இருக்கு. எம்புட்டு அடிச்சாலும் மேல வந்துரும். சுரண்டித்தான் ஆகணும்.”

“சுரண்டிருங்க.”

மதியம் வந்த அம்மா இரண்டு பச்சைகளையும் பார்க்கவில்லை. சுரண்டிய இடத்தில் கை வைத்தாள்.

“முப்பது வருசமா உங்கப்பா பேப்பர் படிக்கையில தலை சாச்ச எடம்டா. நெதமும் அதத் தொட்டுட்டுத்தான் படுப்பேன். இனி எதத் தொட?”



துக்கம் நடந்த வீட்டில் யாராவது வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னால், என்ன நிறம் என்று இப்போது நான் விசாரிப்பதில்லை. வீட்டிலிருப்பவர்களிடம் சுவரைக் காட்டிக் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.