கண்ணாடி அலுமாரியில் நாலு பிளக்

ஒலுவில் மீன்வாடியில் ஐஸ் உடைக்கும் வேலையை விட்டுவிட்டு, உடுப்புப் பையோடு நிந்தவூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் குலுங்கிக் குலுங்கி என் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் என் மூத்த சகோதரி, ராத்தா.

“இந்த வேலையையும் உட்டுட்டியா?”

“ஓம், ராத்தா.”

“நல்லம். கீழதானே நிக்கிறாய். தள்ளு.”

பின் சீட்டிலிருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

ராத்தா மருதமுனையில் பிறந்தவர். எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா கட்டிய வீடு அவருடையது. அதைக் கடல் கொண்டுபோனது. ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், அதே வளவில் இரண்டு அறை எழுப்பி, பழைய கார் ஒன்றும் வாங்கினார், பிறகு மவுத்தானார். விதவைக்குரிய இத்தா நாட்கள் முடிந்ததும் ராத்தா லைசென்ஸ் எடுத்தார். பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டத்தில்தான் மகனைப் படிப்பித்துக் கட்டாருக்கு அனுப்பினார். போன இடம் எதுவும் எனக்குச் சரிவராதபோது சோறும் அந்த வீட்டில்தான்.

அந்தக் கிழமை பிள்ளைகளின் வாப்பாமார் முடிவாகச் சொல்லியிருந்தார்கள்: இன்னொரு தரம் கார் வழியில் நின்றால் வேன் பிடிப்போம் என்று. ஓட்டம் போனால் ராத்தாவுக்கு வேறு வருமானம் இல்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கல்முனையில் தெரிந்த கராஜுக்குப் போனோம். மெக்கானிக் பாஸ் பிளக்குகளைக் கழற்றினார். நாலின் முனையும் அடுப்புக் கரி.

“எங்க வாங்கின?”

“மகன் கட்டாரிலிருந்து அனுப்பின. ஆக நல்ல சாமானாம்.”

“சாமான் நல்லம்தான் ராத்தா. மரையும் சரி, நீளமும் சரி. ஆனா இது பறக்கிற காருக்குரிய பிளக். சூட்டக் கெதியா இறக்கிப்போடும். நம்மட கார் பஸாருக்குள்ள ஊருது. பிளக் கொஞ்சம் சூடா இருந்தாத்தான் கரி எரியும். எஞ்சின் புத்தகத்தில உள்ள நம்பரப் போடுவம்.”

“துடைச்சிப் போட ஏலாதா? புள்ள தேடித் தேடி வாங்கினது.”

“ரெண்டு நாள் ஓடும். மறுகா நடு றோட்டில நிக்கும்.”

“நிண்டா இவன் தள்ளுவான்.”

“இவன் நாளைக்கு எந்த ஊரில நிப்பானெண்டு ஆருக்குத் தெரியும்?”

ராத்தா என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, நீங்க சொன்னதப் போடுங்க,” என்றார்.

புதிய பிளக்குகளோடு எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ராத்தா பழைய நாலையும் பெட்ரோலில் கழுவி, கண்ணாடி அலுமாரியில் மகனின் படத்துக்கு முன்னால் அடுக்கினார். மகன் தொலைபேசியில் கேட்டபோது, “நல்ல இடத்தில இரிக்கி, மனே,” என்றார். பொய் சொல்லமாட்டார்.

சுகமில்லாமல் படுக்கும்வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. மகன் வந்து பக்கத்தில் இருந்தான். லுஹர் தொழுகைக்குப் பின் அமைதியாகப் போனார். குளிப்பாட்டிய பெண்களுக்கும், சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், கலியாணம் முடித்த பின்னும் வந்து பார்த்த அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும்.

பிளக் மாற்றிய அன்று வீட்டில், ‘எந்த ஊரில நிப்பான்’ என்று பாஸ் கேட்டது என் காதிலேயே நின்றது. ராத்தா சோறு போட்டார். மறுநாள் காலை, பிள்ளைகளை ஏற்றப் போகும் வழியில், என்னையும் கூட்டிப்போய்க் கராஜ் வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. நான் இறங்கிப் பாஸிடம் வேலை கேட்டேன். கழற்றிய பிளக்குகளைக் கழுவித் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. அதை மட்டும் இன்னும் விடவில்லை.