பூவரசின் கீழ் குனிந்து போனவர்

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே, நடைபாதைக்குக் குறுக்கே, ஒரு சிலந்தி பெரிய வலை கட்டியிருந்தது. பின்னேர வெயிலில் அதன் நூல் மஞ்சளாகத் தெரியும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய என் கணவர், ஓய்வு பெற்றபின் தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே நடக்கப் போவார். வலையடிக்கு வந்ததும் அந்த ஆறடி மனுஷன் முதுகை வளைத்துக் குனிந்து போவார்.

"சுத்திப் போனா என்ன? நாரி பிடிச்சா நான்தானே எண்ணெய் போடவேணும்."

"அது அவளின்ர வாசலப்பா. நிமிர்ந்துகொண்டு போக ஏலுமே?" என்பார்.

எனக்குச் சிலந்தி என்றாலே அருவருப்பு. அதன் மூத்திரம் பட்டால் கொப்பளிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒட்டறை அடிக்கவென்றே தும்பு கட்டிய நீளத் தடி ஒன்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அதைத் தூக்கினால், "வந்திட்டா யமன்ர தங்கச்சி" என்று சிரிப்பார்.

அவர் போய் மூன்று வருடம். உடுப்புகளைக் கொடுத்துவிட்டேன், சாய்வு கதிரையையும் கொடுத்துவிட்டேன். வலை மட்டும் அங்கேயே இருந்தது. அதே சிலந்தியாக இருக்காது, மகளோ பேத்தியோ. நானும் குனிந்து போகப் பழகினேன். குனிகிற அந்தக் கணம் அவர் எனக்கு முன்னால் போவதுபோல இருக்கும். அதற்காகவே போனேன்.

போன மாரியில் நுளம்புக்கடியால் டெங்குக் காய்ச்சல் பரவ, ஒழுங்கைச் சனம் பூங்காவைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தது. கிண்ணியாவிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், காலையில் வந்தாள்.

"அக்கா, உங்கட நீட்டுத் தடி இரிக்கா?"

அவள் வீட்டு ஒட்டறைக்காக்கும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போனேன்.

தேநீரோடு பூங்காவுக்குப் போனால், நடைபாதையில் எல்லாரும் நிமிர்ந்து நடக்கிறார்கள். பூவரசின் தாழ்ந்த கிளைகளையும் வெட்டிவிட்டார்கள். இனி வலை கட்ட ஒரு பிடிமானமும் இல்லை.

"பாருங்கக்கா, என்ன துப்புரவு! நுளம்பெல்லாம் அந்த வலைக்குள்ளதான் கிடந்திரிக்கி" என்றாள் தங்கச்சி.

"கிடக்காமல்? தின்னத்தானே பிடிச்சு வச்சது! நுளம்புக்குப் பயந்து நுளம்பு தின்னுறதைக் கொன்றுபோட்டியளே, அறிவுகெட்ட சனங்களே!"

"ஒரு பூச்சிக்கே இந்தக் கோபம்?" என்று யாரோ சிரித்தார்கள். தங்கச்சி பயந்துபோய்த் தடியை நீட்டினாள். தும்பு முழுக்க மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. தடி என்னுடையது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

தடியைக் கழுவாமல் குசினி மூலையில் சாத்தினேன். பின்னேரம் தனியாகப் பூங்காவுக்குப் போனேன். அந்த இடம் வந்ததும் குனிந்தேன். முன்னால் ஒருவரும் போகவில்லை.