ஒண்ணே ஒண்ணு கெடந்த புட்டி

கொடைக்கானல் மேல்மலையில, போளூர்ல எங்க கோஸ் தோட்டத்துல மழை விட்ட மறுநாள் ஓடில்லாத நத்தை ஊரும். ஒரு கை உப்பை அள்ளி வீசுவேன். நுரை கக்கிச் சுருங்கிப் போகும். அதுல எனக்குப் பாவம்னு ஒண்ணும் தோணினது கெடையாது. கோஸைக் காப்பாத்தணும், அவ்வளவுதான்.

சனி ஞாயிறு போக மத்த நாளெல்லாம் எனக்குச் சோலி கொடைக்கானல்ல, ஒரு பழைய மியூசியத்துப் புட்டி அறையில. பாம்பு, தவளை, மீனு, கடல்ல பிடிச்சது எல்லாம் கண்ணாடிப் புட்டிக்குள்ள ஸ்பிரிட்டுல கெடக்கும். ஸ்பிரிட்டு குறைஞ்சா ஊத்தணும், மூடியில மெழுகு வைக்கணும். நாலாப்போட படிப்பை நிறுத்தினவதான் நான். ஆனா என் கையில ஒரு புட்டி காஞ்சது இல்லை. எவ்வளவு பெரியவங்க வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் அலமாரியைத் திறப்பாங்க.

போன மாசியில தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு டாக்டரம்மா வந்தா. ஊசி போடுற டாக்டர் இல்லை, கடல் நத்தை படிச்சவ. கடைசித் தட்டுல இருந்த புட்டி ஒண்ணை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தவ, அப்படியே உக்காந்துட்டா.

"அம்மா, இதை இதுவரைக்கும் யாரும் எழுதலை. புது இனம்."

எட்டிப் பார்த்தேன். எங்க தோட்டத்து நத்தை சாடைதான், முதுகுல மட்டும் வாடின பூ மாதிரி செவுளு. இருந்த நிறத்தையெல்லாம் ஸ்பிரிட்டு குடிச்சிருந்தது.

"இதுக்கா இந்தப் பாடு? எங்க கோஸ்ல வந்து பாரு தாயி, கூடை கூடையாத் தாரேன்."

"உங்க ஊரு நத்தை உப்புப் பட்டா செத்துரும். இது உப்புலயே வாழ்ந்ததும்மா."

அளந்தா, வரைஞ்சா. புது இனம்னு எழுதணும்னா வாயை அறுத்து, அரம் மாதிரி இருக்குற பல்லு வரிசையைப் பார்க்கணுமாம். இல்லாட்டி யாரும் ஒத்துக்க மாட்டாங்களாம்.

"ஒண்ணுதான கெடக்கு?"

"ஒண்ணுதான்."

"அப்ப விட மாட்டேன். இன்னொண்ணு கொண்டா, அதை அறு."

அவ கோவிச்சுக்கலை. "சரிங்க மேடம்"னு சிரிச்சா. "இதைப் பிடிச்ச இடம் எனக்குத் தெரியும். சங்கு குளிக்கிறவங்களை விட்டுத் தேடச் சொல்றேன். கெடைச்சா உங்க பேரை வைக்கட்டுமா?"

"உசுரோட வரட்டும். அப்புறம் வை."

சித்திரையில போன் பண்ணினா. கடலுக்குள்ள பவளப்பாறை எல்லாம் வெளுத்துக் கெடக்குதாம், தண்ணி சுடுதாம். ஆடியில திரும்பப் பண்ணினா. வெளுத்த பாறை செத்து, மேல பாசி ஏறிருச்சாம். அதுக்குப் பிறகு போன் இல்லை. இங்க மேகம் அறைக்குள்ளயே வந்து படுத்துக் கெடந்தது. அந்தப் புட்டியில மட்டும் ஸ்பிரிட்டு குறைஞ்சுகிட்டே வந்தது. மெழுகை மாத்தி மாத்தி வச்சேன். நிக்கலை. காலையில வந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன்.

ஐப்பசி மழையோட அவளே வந்தா. சிரிப்பு இல்லை.

"அறுக்கணும்மா. இன்னொண்ணு வரும்னு எனக்குத் தோணலை."

மெழுகை நானே உடைச்சேன். அறுத்து எடுத்து, மைக்ராஸ்கோப்புல என்னையும் பார்க்கச் சொன்னா. பல்லு கண்ணாடி ஊசி மாதிரி வரிசை வரிசையா நின்னது.

"இதை வச்சு எதைத் தின்னுச்சு?"

"பாறையில ஒட்டி வளர்ற கடல் பஞ்சை. அதுவும் இப்ப அங்க இல்லை."

கையைக் கழுவிட்டு அதே தட்டுல இருந்து இன்னும் சில புட்டியை எடுத்து மேசையில வச்சா. இதுகளும் புது இனமா இருக்கலாம்னு சொன்னா. குனிஞ்சு பார்த்தேன். ஒவ்வொரு புட்டியிலயும் ஒண்ணுதான் கெடந்தது.

சனிக்கிழமை போளூருக்குப் போனேன். மழை நல்லா விட்டிருந்தது. வெள்ளனே உப்போட தோட்டத்துல இறங்கினேன். கோஸ் இலையில ஒரு ஓட்டை இல்லை.

"இந்த வருசம் நத்தைத் தொல்லையே இல்லத்தே, நல்ல காலம்"னு வரப்புல நின்ன மருமக சொன்னா.

உப்பை வரப்புல வச்சுட்டு ஒவ்வொரு இலையாத் தூக்கிப் பார்த்தேன்.

"என்னத்தே தேடுறீங்க?"

"நத்தையத்தான்."

"போன வருசம் பூரா அதுகளைத் திட்டினீங்க. இப்ப விருந்துக்குக் கூப்பிடவா தேடுறீங்க?"

அந்தப் பாத்தி முடிஞ்சது. அடுத்த பாத்தியில உக்காந்து அடி இலையைத் தூக்கினேன்.