பந்திக்குப் போகாத கேமரா

மார்த்தாண்டத்தில் நானும் அண்ணனும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவில் ஒரு சட்டம் இருந்தது. கல்யாண வீடியோ என்றால் பந்தியை முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை எடுத்தாக வேண்டும். சட்டம் போட்டவன் அண்ணன். ரத்து செய்தவன் நான். அதற்காக வருந்துகிறேன் என்று நான் சொன்னால், "இப்பமாவது தோணிச்சே" என்பாள் என் மனைவி.

அண்ணனிடம் இருந்தது பெரிய கேம்கார்டர். தோளில் ஏற்றினால் முகூர்த்தம் தொடங்கிப் பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பும் வரை ஓயாது ஓடும். சூடாகாது, லென்ஸ் மாற்ற வேண்டாம். மண்டபத்தின் பின்பக்கத்தில் நின்றபடியே பெண்ணின் மூக்குத்தி வரை ஜூம் போவான். தேவையே இல்லாமல் திரும்பியும் வருவான். அந்த ஜூம் எனக்கு ஆகவே ஆகாது. அதைவிட ஆகாதது பந்தி. கேமராவின் தலையில் விளக்கை எரியவிட்டு இலை இலையாக நகர்வான். அவியலை வாயில் வைத்தவர்கள் வெளிச்சம் பட்டதும் அப்படியே மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். எடிட் செய்ய உட்காருகிறவன் நான். ஊர் முழுக்க மெல்லுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோற்றின் மேலேயே வெறுப்பு வந்தது.

"இதை யாருண்ணேன் பாக்கப்போறா?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"மேடைக்கு எல்லாவனும் ஏறுவாம்லே. கை நனைச்சவன் யாருன்னு பந்தியிலதான் தெரியும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்றால் வெறும் சாப்பாடு இல்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன சொந்தக்காரன்கூடக் கல்யாணத்துக்கு வருவான், அட்சதை போடுவான், பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கும் நிற்பான். அதெல்லாம் ஊருக்காக. இலை முன்னால் உட்கார்ந்து கை நனைத்தால்தான் பிணக்கு தீர்ந்தது என்று அர்த்தம். அதனால் வீடியோ கைக்கு வந்ததும் வீட்டுக்காரர்கள் தாலி கட்டுவதைக்கூட ஓடவிட்டுவிட்டுப் பந்திக்குத்தான் வருவார்கள். "நிறுத்து, நிறுத்து, அது பெரிய மாமால்லா?" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். இது எனக்குத் தெரியாததல்ல. பழைய ஆட்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

மிர்ரர்லெஸ் கேமராவை முதலில் கையில் வாங்கிப் பார்த்தது திருவனந்தபுரத்தில் ஒரு கடையில். ஒற்றைக் கையில் பிடித்துவிடலாம். போட்டோவும் அதுவே, வீடியோவும் அதுவே. முகம் மட்டும் துலங்கி நிற்க, பின்னால் இருக்கும் கூட்டமும் பிளாஸ்டிக் நாற்காலியும் மின்விசிறியும் கரைந்து போயின. எங்கள் ஊர் மண்டபங்களின் சுவருக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பார்கள் என்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கரைதலின் அருமை தெரியும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ஆட்கள் ஏற்கெனவே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்கள் அதைப் போனில் காட்டி, இதுபோல வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். தொழிலாகப் பார்த்தால் மாறியதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மாறிய விதம்தான் தப்பு. பூதப்பாண்டி மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், ஊர். தேரோட்டத்துக்காக அண்ணனும் மைனியும் அங்கே போயிருந்த சமயத்தில், கேம்கார்டரைக் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு மிர்ரர்லெஸ் வாங்கிவந்தேன். அண்ணன் திரும்பி வந்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தான். புதுக் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூப்போல மேஜையில் வைத்தான்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரியும். அதான் கேக்கல்ல, இல்லியாலே?"

"காலம் மாறிப்போச்சுண்ணேன்" என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே போனவன்தான். பூதப்பாண்டியிலேயே ஒரு வீட்டைப் பார்த்துக் குடியேறி, ஜெராக்ஸ் கடை வைத்தான். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எனக்குத் தொழில் நன்றாகவே போனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், பந்திப் பக்கம் கேமரா போகக்கூடாது என்று. வேண்டுமானால் இலையில் பாயசம் விழுவதை மட்டும் ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளலாம், சாப்பிடுகிற முகம் ஒன்றுகூட வரக்கூடாது.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நானும் மனைவியும் வெற்றிலை பாக்கோடு பூதப்பாண்டிக்குப் போனோம். மைனிதான் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நாங்கள் இருந்த நேரத்துக்கு ஒரு யானையையே குளிப்பாட்டி முடித்திருக்கலாம். அவன் வரமாட்டான் என்றுதான் திரும்பி வந்தேன்.

வந்தான். மேடையில் தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாசல் பக்கம் வெள்ளைச் சட்டையில் அவனைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் அங்கேயே பார்த்ததில் தண்ணீர் வெளியே சிந்தியது. சடங்கெல்லாம் முடிந்து, சம்பந்தி வீட்டாரைக் கவனித்து, நான் கீழே இறங்கித் தேடும்போது ஆளைக் காணோம்.

"வந்தாவல்லா, அது போராதா?" என்றாள் மனைவி.

"கை நனைச்சானா?"

அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. கை கழுவும் இடத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவினானா, சும்மா முகம் கழுவினானா என்று அவர் பார்க்கவில்லை. அவனிடமே கேட்டிருக்கலாம். சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். பயத்துக்குமேல் ரோஷம். ஆகவே வீடியோவில் தேடினேன்.

என் ஆட்கள் என் பேச்சை அச்சுப் பிசகாமல் கேட்டிருந்தார்கள். அண்ணன் போன பிறகு சேர்ந்தவர்கள், அவனை அடையாளமும் தெரியாது. பந்தியில் ஒரே ஒரு ஷாட். இலையில் அடைப்பிரதமன் பாயசம் விழுகிறது. அதன் பளபளப்பு, அதில் மிதக்கும் ஒரு தேங்காய்த் துண்டு, எல்லாம் அவ்வளவு துல்லியம். எடுத்தவனைத் தட்டிக்கொடுக்க வேண்டிய ஷாட். அதற்குப் பின்னால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு உருவம் கரைந்து கிடந்தது. உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அண்ணனா என்று தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கூர்மையாக்கும் மென்பொருளில் போட்டும் பார்த்தேன். ஃபோகஸில் இல்லாததை எதைப் போட்டாலும் கொண்டுவர முடியாது என்று தொழில் கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனாலும் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேமராவை எடுத்துத் தரையில் அடிக்கலாம் போல் இருந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு தனியாகப் பூதப்பாண்டிக்குப் போனேன். மைனி முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டுத் தேயிலை போட்டுக் கொண்டுவந்தாள். உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, டிவி ஓடும் சத்தத்தோடு அண்ணன் இருமுகிற சத்தமும் கேட்டது. டம்ளர் காலியான பிறகுதான் கேட்க வாய் வந்தது.

"மைனி, கல்யாணத்தன்னைக்கு அண்ணன் சாப்பிட்டானா?"

மைனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"சாப்பிட்டானாவா? ரெண்டாம் பந்தியில இருந்தாவ தம்பி. கேமரா வாற வழின்னு எடம் பாத்து ஓரத்து இலையில இருந்தாவ. சோறெல்லாம் உண்டாச்சு. பாயசம் விட்டு, பழமும் பப்படமும் பெசஞ்சு வச்சிட்டு வாயில வைக்காம இருக்காவ. பந்தியில எல்லாரும் எந்திரிச்சாச்சு. வாங்கன்னு கூப்பிட்டா, 'நில்லு, கேமராக்காரன் இப்ப வருவான், என் தம்பி வீடியோ போட்டுப் பாப்பான்லா'ங்காவ. இலை எடுக்க வந்த ஆளு நின்னு பாத்துட்டே இருக்கான்."

நான் காலி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வீட்டுக்கு வந்து ஒண்ணுதான் சொன்னாவ. என்னைய எடுக்க வேண்டாம்னு ஆளுககிட்ட சொல்லி வச்சிருக்கான்னு."

கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "அண்ணேன், பந்தியே எடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தேன். ஒன்ன எடுக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல." சொல்லி முடிக்கும்போதே அது எனக்கே ஒரு சமாளிப்பு போலக் கேட்டது.

உள்ளே டிவியின் சத்தம் கூடியது. அந்த வீட்டில் அண்ணனும் மைனியும் மட்டும்தான். மைனி என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.