இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

ஒன்பதாம் எண் வீட்டுக் கதவில் தார் தொட்டு எண் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டக், டக், டக். கொஞ்சம் அமைதி. மறுபடி மூன்று. ஆணி அடிக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா குழம்புக் கரண்டியால் சுவரைத் தட்டிவிட்டு, அதில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"காத்து எழும்புது தம்பி. அக்கா இருக்காளான்னு பாக்குறேன்."

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. காலனியின் மறுகோடியில், முப்பத்தோராம் எண்ணில் இருந்தார். அங்கே அனுப்பியவன் நான்தான்.

புயலுக்கு முன் வெட்டாற்றங்கரையில் அவர்கள் இருவர் குடிசைக்கும் நடுவே ஒரே மண்சுவர். நெருப்பு வேண்டுமென்றால் தட்டுவார்கள், உப்பு வேண்டுமென்றாலும் தட்டுவார்கள். கரை உடைந்து தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதும் இவர் தட்ட, அவர் தட்ட, சுவர் கரையும்வரை அப்படியே இருந்தார்களாம். சுவர் விழுந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் கிடைக்கவில்லை.

அரசாங்கம் வரிசை வீடு கட்டிக் கொடுத்தபோது யாருக்கு எது என்று சண்டை. மிராசுதாரோடு நடந்த கூலித் தகராறே இன்னும் ஆறவில்லை. செங்கொடிச் சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வரிசை, மிராசுதார் ஆட்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தால் வெட்டுக்குத்து நடக்கும் என்று பேச்சு. பி.ஏ. முடித்த திமிரில் நான் எழுந்து, குலுக்கிப் போடலாம் என்றேன். கல்லூரி நோட்டைக் கிழித்துச் சீட்டெழுதியதும் நானே. எல்லோருக்கும் வீடு வந்தது. பக்கத்து வீடு போய்விட்டது என்பது அந்தக் கரண்டிச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

பத்தாம் எண்ணில் இருப்பவர் மிராசுதார் களத்துக் காவல்காரர். தகராறின்போது அவருக்கு எதிரே கொடி பிடித்து நின்றவர் இந்த அம்மா. தட்டுவதை அவர் வம்பு என்றே எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை தட்டச் சொல்லு. சுவத்துக்கு அந்தாண்ட யார் இருக்கான்னு காட்றேன்" என்றார் என்னிடம், மெதுவாக. வாசலில் அரிவாள் சாய்ந்திருந்தது. அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று சுழன்றபோது, தட்டிப் பதில் வராமல் அந்த அம்மா எழுந்து நடந்துவிட்டார். குடிசை இருந்த இடத்தில், முழங்கால் தண்ணீரில், கரண்டியோடு நின்றவரை அக்காதான் கூட்டிவந்தார். "ஒவ்வொரு காத்துக்கும் இவ கிளம்பிப் போறது எனக்குத் தெரிஞ்சிடுமா தம்பி?" என்று கேட்டார்.

தாலுகா ஆபீசில், பட்டாவில் எண் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். காகிதம் கிடக்கட்டும், அக்காவும் காவல்காரரும் ஆள் மாறிக்கொண்டால் போதும். ஆனால் முப்பத்தொன்றுக்கு இரண்டு பக்கமும் செங்கொடிக்காரர்கள். காவல்காரர் அங்கே போகமாட்டார். எங்களுக்கு விழுந்தது இருபத்திரண்டு. மேட்டில், கைப்பம்புக்குப் பக்கத்தில். அதைக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் முப்பத்தொன்றுக்குப் போனால், அக்கா பத்துக்கு வந்துவிடலாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது, கீழ்வானம் இப்போதே கறுத்திருக்கிறது. விடிந்ததும் முதலில் அந்த அரிவாள் வாசலுக்குத்தான் கேட்கப் போகிறேன்.